தர்பாரில் முதலில் எழுந்தவன்

சிதம்பரத்தில் எனக்கு ஒரு நெல் மில், கடலூர் சாலையில் மரவாடி, சொந்தமாக ஒரு லாரி, மாடி வைத்த வீடு. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் இத்தனையும் கட்டினேன். பேங்க்காரர் கையை விரித்தார், சொந்தக்காரர்கள் சிரித்தார்கள், இருந்தும் கட்டினேன். ஆனால் நான் செய்ததிலேயே பெரிய காரியம் எது என்று கேட்டால், யுத்த காலத்தில் சிப்பாயாக இருந்தபோது, கடலூர் பட்டாளத்து முகாமில் ஒருநாள் காலையில் எழுந்து நின்றதைத்தான் சொல்வேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று வாக்கில் நடந்தது. கடற்கரை ஓரச் சவுக்குத் தோப்பில் முகாம். எங்கள் ஹவில்தார் பொல்லாதவர். வெளியே வீடு எடுத்துக் குடும்பத்தோடு இருந்தார். அந்த வீட்டு வேலை எல்லாம் எங்கள் தலையில். மறுத்தால் மத்தியான மணலில் வெறுங்காலோடு நிற்க வேண்டும், துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு.

பரங்கிப்பேட்டைக்காரன் ஒருவன் என் கூட்டாளி. விறகு பிளக்க மாட்டேன் என்றான். தினமும் மணலில் நிறுத்தியதில் உள்ளங்கால் வெந்து சீழ் வைத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகவும் ஹவில்தார் விடவில்லை.

"மச்சான், நான் ஓடிப் போறேன். காலு போச்சுன்னா ஊருக்குப் போயி எப்டி வலை இழுக்கிறது?" என்றான். ஓடினால் ஜெயில். இருந்தால் கால் போகும்.

ஊர் வழக்கப்படி யோசித்தோம். ஊரில் வம்பு என்றால் தெருவே திரண்டு நாட்டாண்மைக்காரர் வாசலில் நிற்கும் அல்லவா? அதே மாதிரி கூடாரமே திரண்டு வெள்ளைக்கார மேஜரின் ஆபீசுக்குக் கிளம்பினோம். எங்களுக்கும் மேஜருக்கும் நடுவில் இருந்த நம்மூர் அதிகாரி, ஜமேதார், குறுக்கே வந்து நின்றார். ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக்காரர்.

"எங்கடா போறீங்க, கல்யாணத்துக்கா?"

"ஹவில்தார் மேல புகார் சொல்லணும் ஐயா. எல்லாரும் சேந்து போறோம்."

"பட்டாளத்துல கும்பலா போனா அது புகார் இல்லடா, கலகம். அத்தினி பேரையும் தூக்கி உள்ள வெச்சிருவான். ஒத்தை ஆளா சொல்லு. உனக்கு நடந்தத மட்டும் சொல்லு, அடுத்தவனுக்காகப் பேசாத. நாளைக்குத் தர்பார் இருக்கு, அங்க எழுந்திரு."

தர்பார் என்பது கம்பெனி, அதாவது எங்கள் பட்டாளப் பிரிவு, மொத்தமும் மேஜர் முன்னால் தரையில் உட்காரும் கூட்டம். எந்தச் சிப்பாயும் எழுந்து குறை சொல்லலாம். ஆனால் அதுவரை யாரும் எழுந்ததில்லை.

கூட்டாளியின் காலைப் பற்றிப் பேசத்தான் எனக்கு வாய் துடித்தது. அவனோ, "நீ மொதல்ல எழுந்திரி மச்சான், நான் பின்னால எழுந்திரிக்கிறேன்" என்று நடுங்கினான். சரி, எனக்கு நடந்தது என்ன? ஹவில்தார் வீட்டுச் சேலைகளைத் துவைத்தது. யாரும் பார்க்காமல் கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனியில் என்னைப் போல வீரன் இல்லை என்று மார்தட்டியவன், அத்தனை பேர் முன்னால் அதை எப்படிச் சொல்வது?

மறுநாள் மேஜர் கேட்டதை ஜமேதார் தமிழில் சொன்னார். "யாருக்காவது குறை உண்டா?" ஹவில்தார் எங்களைப் பார்த்தபடியே மீசையை நீவினார். ஒருவரும் அசையவில்லை. நான் எழுந்தேன்.

"ஐயா, ஹவில்தார் அவுங்க வூட்டு அம்மா சேலையத் தொவைக்கச் சொல்றாரு. மாட்டேன்னா மணல்ல நிக்க வெப்பேங்கிறாரு."

கொல்லென்று சிரித்தார்கள். "கஞ்சி போட்டியா மாமா?" என்றான் பின்னாலிருந்து ஒருத்தன். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் உட்காரவில்லை.

மேஜர் சிரிக்கவில்லை. வேறு யார் என்று கேட்டார். அப்போதுதான் என் கூட்டாளி நொண்டிக்கொண்டு எழுந்தான். பூட்ஸைக் கழற்றிக் காலைக் காட்டினான். சிரிப்பு நின்றது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து, அவரவருக்கு நடந்ததைச் சொன்னார்கள். கஞ்சி கேட்டவனும் எழுந்தான்.

விசாரணை நடந்து ஹவில்தாரை மாற்றினார்கள். கூட்டாளி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனான், கால் தப்பியது. பட்டாளத்தை விட்டு வரும்வரை என்னைச் 'சேலை' என்றுதான் கூப்பிட்டார்கள், அது வேறு கதை.

இப்போது பழைய ஆட்கள் சந்தித்தால், "எல்லாரும் சேர்ந்து கேட்டோம்" என்று பேசிக்கொள்கிறார்கள். சேர்ந்து கேட்டிருந்தால் சேர்ந்தே உள்ளே போயிருப்போம். தன் அவமானத்தைத் தன் வாயால் சொல்ல ஒருவன் துணிந்த பிறகுதான் மற்றவர்களுக்கு வாய் திறந்தது. அந்த ஒருவன் நான். இதை எங்கே யார் சொன்னாலும், முதலில் எழுந்தவன் இவன் என்று என்னைச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.