கிரிவலம் போன எண்

எங்கள் பெரிய மாமா சாமியைக் கேட்காமல் எதையும் செய்ய மாட்டார். வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்கக்கூட வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டிக் கோயிலில் வைத்து, யாராவது ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்வார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்ததால் அந்தக் கோடை முழுக்கப் பானைத் தண்ணீர்தான் குடித்தோம்.

மாமாவின் கடைசித் தங்கையான என் சித்திக்குச் சென்னையில் கணக்கு எம்.எஸ்சி. படிக்க இடம் கிடைத்தது. அதே வாரம் வந்தவாசியிலிருந்து வரனும் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலத்துக்குள் பதில் கேட்டார்கள். அன்று பார்த்துப் பௌர்ணமி. தெருவெல்லாம் கூட்டம். மாமாவால் தன் பாத்திரக் கடையை விட்டு இறங்கவே முடியவில்லை.

"சாமிய இங்கயே கேக்கலாம்ணா" என்ற சித்தி, கடைக் கால்குலேட்டரில் 142857 என்று அடித்தாள். "இது கிரிவலம் போற நம்பர். பாப்பா பகடை உருட்டட்டும். விழுறதால பெருக்குங்க. இதே ஆறும் வரிச மாறாம சுத்தி வந்தா நான் படிக்கப் போறேன். ஒண்ணு கலைஞ்சாலும் கழுத்த நீட்டிடறேன்."

எனக்கு எட்டு வயது. கல்யாணத்துக்குப் பட்டுப்பாவாடை எடுத்துத் தருவதாக அம்மா சொல்லியிருந்தாள். ஆகவே, அண்ணாமலையாரே, கலையட்டும் என்று வேண்டிக்கொண்டு என் லூடோ பகடையை உருட்டினேன்.

ஐந்து. மாமா பெருக்கினார். 714285. கடைசியில் நின்ற ஏழு முன்னால் வந்திருந்தது. மற்றவையெல்லாம் வரிசை மாறாமல் அதன் பின்னால் நின்றன.

"இன்னொரு வாட்டி போடு."

மூன்று. 428571. எங்கிருந்து கிளம்பினாலும் அதே சுற்று! மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குப் பாவாடை போனது மறந்தே போயிற்று. உள்ளே யார் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்கிறார்கள் என்று கால்குலேட்டரின் பேட்டரி மூடியைக் கழற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. ஆறால் பெருக்கினேன். 857142. அடேயப்பா!

மாமாவுக்கும் ஆசை வந்துவிட்டது போலும். கால்குலேட்டரை வாங்கி அவரே ஏழால் பெருக்கினார்.

999999.

"கலைஞ்சிடுச்சு மாமா! எல்லாம் ஒம்போது!" என்று குதித்தேன்.

சித்தியின் முகத்தில் ரத்தமே இல்லை. மாமா அவளைப் பார்த்தார். பகடையை எடுத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு கால்குலேட்டரை அணைத்தார்.

"பகடையில ஏழு ஏது? சும்மா இரு பாப்பா."

வந்தவாசிக்கு அவரே போன் போட்டார். "சாமி உத்தரவு குடுக்கலைங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

சித்தி அண்டா அடுக்குக்குப் பின்னால் போய் நின்று தேம்பித் தேம்பி அழுதாள். கேட்டது கிடைத்த பிறகும் ஒருத்தி ஏன் அப்படி அழ வேண்டும் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.