வழித்துத் துடைக்கக் கூடாத லேப்டாப்

தங்கச்செல்விக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, பாத்திரங்கள்தான் சத்தம் போடும். ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலையில் அவள் கைக்கெட்டும் தூரத்தில் பாத்திரம் எதுவும் இல்லை. சந்தனமும் குங்குமமும் அப்பிய லேப்டாப்தான் இருந்தது. அதை ஓங்கி வைத்தால் நஷ்டம் தனக்குத்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எம்.ரெட்டியபட்டியில் பிறந்து, அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய்ப் படித்து, மெட்ராஸ் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். திருச்சுழியில் இரும்புக்கடை வைத்திருக்கும் அசோக்கைக் கட்டிக்கொண்ட பிறகு வீட்டிலிருந்தே வேலை. கடைக்குப் பின்கட்டில்தான் வீடு. முன்னால் அவன் ஆணியை நிறுத்துப் போட்டுக்கொண்டிருப்பான், பின்னால் இவள் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள்.

இந்த ஏற்பாட்டுக்குத்தான் இப்போது கேடு வந்திருந்தது. எல்லாரும் ஆபீசுக்கே வந்து சேர வேண்டும் என்று கம்பெனி உத்தரவு போட்டுவிட்டது. செல்வி ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். மிளகாய் வத்தலின் போட்டோவைப் பார்த்து அது தரம் பிரித்துச் சொல்லும். அன்று பதினொரு மணிக்கு அதை வாடிக்கையாளருக்கு வீடியோவில் ஓட்டிக் காட்ட வேண்டும். "நல்லா ஓடிருச்சுன்னா, ஊர்ல இருந்தே பாக்கட்டும்னு நான் மேல பேசி வாங்கித் தாரேன். ஓடலைன்னா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேச?" என்று டீம் லீடர் இன்பராஜ் சொல்லியிருந்தார். திரும்பவும் மெட்ராஸ் ஹாஸ்டலில் போய் விழ அவளுக்குத் துளியும் இஷ்டமில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் வரை புரோகிராம் ஒழுங்காக ஓடியது. பூஜைக்குத் தராசு, படிக்கல்லோடு லேப்டாப்பையும் வைத்தே ஆக வேண்டும் என்று மாமியார் கோகிலாம்பாள் பிடிவாதம் பிடித்தார். செல்வியும் கொடுத்தாள். பூஜை முடிந்து இன்று திறந்து ஓட்டினால், திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. புரோகிராம் கேட்கும் ஏதோ ஒன்று லைப்ரரியில் இல்லையாம்.

கம்ப்யூட்டர்காரர்கள் லைப்ரரி என்று சொல்வது, வேறு யாரோ எழுதிவைத்து நாம் எடுத்து ஆள்கிற ஆயத்த வேலைகளை. போட்டோவைப் படிக்க அப்படி ஒன்றைத்தான் செல்வி நம்பியிருந்தாள். அதன் பழைய பதிப்புக்கு ஏற்றபடிதான் எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். எந்தப் பதிப்பு இருக்கிறது என்று கேட்டாள். பழையது என்றது லேப்டாப். ஓட்டினாள். புதியதை எடுத்துக்கொண்டு அடம்பிடித்தது. சனியனே என்று லைப்ரரியையே கழற்றினாள். கழற்றியாயிற்று என்றது. மறுபடி கேட்டால், இருக்கிறது என்றது! பைத்தியம் தனக்கா இதற்கா என்று அவளுக்குச் சந்தேகமே வந்துவிட்டது. ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனியாக லைப்ரரி வைத்துக்கொள்ள வழி உண்டு. அது தெரிந்தும் சோம்பல்பட்டதற்குத் தன்னையும் சேர்த்தே திட்டிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அசோக் டீயோடு வந்தான். முகத்தில் ஒரு சிரிப்பு.

"என்ன செல்வி, இப்ப வேகமா ஓடுதா?"

அவள் மெதுவாகத் திரும்பினாள். "வேகமாவா? இத யாரு தொட்டா?"

"பூஜைக்கு நம்ம காசிராஜன் அண்ணன்கிட்டக் குடுத்து உள்ள இருக்குறதையெல்லாம் புதுசா போட்டு வாங்கினேன். கடையெல்லாம் கூட்டிப் பெருக்கிப் புதுச் சரக்கு எறக்கியாச்சு. ஒன் மிஷின மட்டும் பழசா சாமி முன்னாடி வைக்கலாமா?"

காசிராஜன் அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர், அசோக்கின் சிநேகிதர். செல்வி அவருக்குப் போன் போட்டாள். "அண்ணே, புதுச எறக்குனீகளே, பழச என்ன செஞ்சீக?"

"பழசு அப்பிடியே கெடக்கு தங்கச்சி. நல்ல நாளுல வழிச்சுத் தொடைக்கலாமா? ஒங்க மாமியா வேற போன் போட்டு, அடியில கொஞ்சம் பழசு கெடக்கட்டும்னு சொன்னாக. அதான் புதுச வேற எடத்துல வச்சுவிட்டேன்."

அசோக்கின் இரும்புக்கடையில் எந்தப் பெட்டியையும் ஒட்ட வழித்துக் காலி செய்வதில்லை. அடியில் பழசு ஒரு கைப்பிடி கிடக்கும், அதன் மேல்தான் புதுச் சரக்கைக் கொட்டுவார்கள். அப்போதுதான் லட்சுமி தங்குவாளாம். ஆணிக்கு அது சரி. ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்பை இரண்டு இடத்தில் வைத்தால் புரோகிராம் எதை எடுக்கும் என்று லட்சுமிக்கே தெரியாது.

இரண்டையும் அடியோடு நீக்கிவிட்டுப் பழையதை மட்டும் புதிதாக இறக்குவதுதான் வழி. ஜன்னலில் வைத்த போனிலிருந்து வரும் நெட்டோ நொண்டியடித்தது. செல்வி நீக்கத் தொடங்கியதும் கோகிலாம்பாள் கதவருகே வந்து நின்றார்.

"வழிச்சுத் தொடைக்காதடி. வீட்டுக்கு ஆகாது."

"ரெண்டும் கலந்து கெடந்தா இதுக்கு ஆகாது அத்த" என்றாள் செல்வி.

"தொடைக்கட்டும்மா" என்றான் அசோக். அம்மா சொல்லுக்கு அவன் மறுசொல் சொல்லி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. பிறகு செல்வியைப் பார்க்காமலேயே சொன்னான். "மிஷினு மெதுவா ஓடுதுன்னு பொலம்பிக்கிட்டே இருந்த. அதச் சாக்கா வச்சு ஒன்னய மெட்ராஸுக்குக் கூப்புட்டுக்கிருவாகளோன்னு பயம். அதான் செஞ்சேன். நீ போயிட்டா எனக்கு இந்த வீட்டுல என்ன கெடக்கு?"

ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு. இந்த மனுஷனை வைய வாயெடுத்தால் வசவு ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. "டீய வச்சுட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

பழைய பதிப்பு இறங்கி முடிந்தபோது பதினொன்று ஆகிவிட்டது. ஒரு தரம் ஓட்டிப் பார்க்கக்கூட நேரமில்லை. வீடியோவில் இன்பராஜ், "செல்வி, ஒரே இருட்டா இருக்கே, ஒன் மூஞ்சியக் காணோம்" என்றார். மாமியார் வைத்த குங்குமப் பொட்டு கேமராவின் மேலேயே இருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு, வீரசோழன் ஊரில் ஒரு குடோனில் எடுத்த வத்தல் போட்டோவைப் போட்டாள். புரோகிராம் கொஞ்சம் யோசித்தது. பிறகு முதல் தரம், இரண்டாம் தரம், எதற்கும் ஆகாத சோடை என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டியது.

மத்தியானம் இன்பராஜ் போன் செய்தார். "பேசிட்டேன். ஊர்லயே இருந்து பாரு."

செல்வி கடைக்கு ஓடினாள். அசோக் சாக்கை விரித்து ஆணிப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் அப்பா காலத்து ஆணிகள் துருவேறிப் போய்ச் சாக்கில் விழுந்தன.

"இங்கயே இருக்கச் சொல்லிட்டாக" என்றாள். அவன் தலை நிமிராமல் பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். கண்ணைத் துடைக்கக் கூச்சப்பட்டுப் பெட்டியைத் துடைக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"இதப் போயி ஏன் தொடைக்கிறீக? அத்த பாத்தா கத்தப்போறாக."

"ரெண்டும் கலந்து கெடந்தா ஆகாதுன்னு நீதான சொன்ன?"

செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். குனிந்து துருப்பிடித்த ஆணிகளில் ஒரு கைப்பிடி அள்ளிப் பெட்டிக்குள் போட்டாள்.

"இது இங்க கெடக்கட்டும். ஆனா இனிமே என் மிஷினத் தொட்டீக, கம்பெனி கூப்புடாமலே நான் மெட்ராஸுக்குப் பஸ் ஏறிருவேன்."