பெயரைப் பார்க்காமல் அனுப்பிய பணம்

பாடாங் மேஹாவில் இருக்கும் என் அண்ணி, வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் வீடு திரும்பும் நாளன்று, ஏற்றி இறக்கும் கட்டிலை வாடகைக்கு எடுப்பதற்காக, பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டிலிருந்தே கைப்பேசியில் அண்ணனுக்குப் பணம் அனுப்பினேன். அவசரத்தில் அவர் கைப்பேசி எண்ணில் ஓர் இலக்கம் மாறிவிட்டது. திரையில் வேறொருவர் பெயர் வந்ததைக் கவனிக்காமல் அழுத்திவிட்டேன்.

"இன்னும் வரலையேம்மா" என்று அண்ணன் சொன்ன பிறகுதான் தெரிந்தது. பதறிப்போய் அந்த எண்ணை அழைத்தேன். யான் என்ற ஊரில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் ஒரு தமிழர் எடுத்தார்.

"தம்பி, தெரியாம உங்களுக்குக் காசு அனுப்பிட்டேன். திருப்பி அனுப்பிடுங்க லா."

"வந்திருக்கு அக்கா. ஆனா இப்படிச் சொல்லித்தான் என் மனைவிய ஒருத்தன் ஏமாத்திட்டான். நீங்க பேங்க்ல ரிப்போர்ட் பண்ணுங்க. அவங்க கேட்டா உடனே சரின்னு சொல்லிடுறேன். அதுவரைக்கும் தொடமாட்டேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அது ஆஸ்பத்திரி காசு, தம்பி!" என்று கத்திவிட்டு வைத்தேன். கணவர் ரொக்கத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் காரில் கிளம்பினார். நான் வங்கிக்குப் போனேன். பட்டறைக்காரர் சொன்னதுதான் சரியான வழி என்றார் அங்கிருந்த அதிகாரி.

அடுத்த வாரம் பணம் திரும்பியது. அன்று மாலை அவரே அழைத்தார்.

"காசு வந்துருச்சா அக்கா? ஆஸ்பத்திரியில இருந்தவங்க இப்ப எப்படி இருக்காங்க?"

கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "நானும் பயந்துக்கிட்டேதான் பேசினேன்" என்று சிரித்தார்.

இப்போதெல்லாம் திரையில் வரும் பெயரை வாய்விட்டுப் படித்த பிறகே பணம் அனுப்புகிறேன். மீன் கடையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் சரி.