மடுவத்துப் பலகையும் பேச்சியின் கொழுக்கட்டைகளும்

முதல் நாள்

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் எழுதுகிறார். என் பேச்சை அப்படியே எழுதினால் படிக்கிறவர்கள் சிரிப்பார்களாம், அதனால் திருத்தி எழுதுகிறாராம். பேச்சைத் திருத்தட்டும், நடந்ததைத் திருத்தாமல் இருந்தால் சரி. தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்துக்குப் புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்காக இதைச் சொல்கிறேன்.

நான் ஆசைப்பட்டு அந்த வேலைக்குப் போகவில்லை. தேயிலைக் கொழுந்து எடுக்கும் ஆளாகத்தான் இருந்தேன். ஒரு மழை நாளில் சரிவில் வழுக்கி விழுந்ததில் வலது தோள் இறங்கிப்போனது. பறித்த கொழுந்தைத் தோளுக்கு மேலாக முதுகுக் கூடையில் வீசுகிற கை அது. கை எழும்பாவிட்டால் கொழுந்துக்காரி இல்லை. மறு வாரம் காலைப் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் நேரத்தில், பெரிய கங்காணி என்னைப் பார்த்து, "ராக்கு, நீ இனிமே மலைக்கு வேணாம். மடுவத்துக்குப் போ, பிள்ளைகளைப் பாரு" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் தோட்டம் பதுளைக்கு மேலே, மாட்டு வண்டியில் அரை நாள் ஏற்றம். மடுவம் என்றால் பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. தகரக் கூரை, மண் தரை, கூரை மரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். தாய்மார் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். மத்தியானம் பால் கொடுக்க வந்து திரும்பப் போவார்கள். வாசலுக்குக் கதவு கிடையாது. தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றை முழங்கால் உயரத்துக்கு வாசலின் இரண்டு பக்கமும் வெட்டிய காடியில் செருகி வைத்திருந்தார்கள். தவழ்கிற பிள்ளை வெளியே போகாமல் இருக்க அந்தப் பலகை.

அந்தப் பலகைதான் சட்டமும். "பலகையைத் தானாத் தாண்டின பிள்ளை மடுவத்துப் பிள்ளை இல்ல" என்று அப்போதிருந்த பெரிய துரை சொல்லியிருந்தார். ஓடுகிற பிள்ளைகளைத் துரத்திப் பிடிக்க இன்னொரு ஆள் போட முடியாது என்பது அவர் கணக்கு. தாண்டின பிள்ளை அண்ணன் அக்காளோடு நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் விளையாடிக்கொண்டு கிடக்கும். வயதைப் பற்றித் துரை ஒன்றும் சொல்லவில்லை. அது பிறகு எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

பேச்சி

வீராயி என்று ஒரு கொழுந்துக்காரி. அதிகம் பேசமாட்டாள். அவளுடைய முதல் பிள்ளை பேச்சி. பிறந்து வெகு நேரம் அழவே இல்லையாம். பிள்ளைகளைக் காக்கும் பேச்சியம்மன் பெயரை வேண்டிக்கொண்டு வைத்தார்கள். "பேருலதான் பேச்சு இருக்கு" என்று லயத்தில் சிலர் கேலி பேசினார்கள். அவர்கள் பேரெல்லாம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது, வாத்தியார் எழுத மாட்டேன் என்கிறார்.

தூக்கினால் பிள்ளை விறைத்துக்கொள்ளும். கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். கட்டை விரலை உள்ளே வைத்து மூடின கை திறக்காது. தட்டு விழுந்தால்கூட உடம்பு முழுக்கத் தூக்கிப் போடும். படுக்க வைத்துக் கஞ்சி ஊட்டினால் பாதி மூக்கில் வரும். அவள் வயதுப் பிள்ளைகள் பலகையைத் தாண்டிப் போய்விட்டார்கள். இவள் வைத்த இடத்தில் கிடந்தாள்.

வீராயி அவளைத் தூக்கிக்கொண்டு வண்டியில் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

"என்னடி சொன்னாங்க?"

"மருந்து இல்லையாம்க்கா. பிறக்கையிலயே மூளையில அடிபட்டிருக்காம்."

"வேற?"

"வேற என்ன? இது வளர்ற நோவு இல்லையாம். கை காலைத் தினமும் நீட்டி மடக்கி விடணுமாம்."

"அடி கூறுகெட்டவளே, அதை முதல்ல சொல்ல வேண்டியதுதானே" என்றேன். அவளுக்கு 'மருந்து இல்லை' மட்டும் காதில் விழுந்திருந்தது. எனக்கு மற்றது விழுந்தது. வளராத நோய் என்றால் பிள்ளை வளர்ந்து அதைத் தாண்டிப் போக இடம் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அன்று முதல் காலையில் எண்ணெய் தேய்த்துக் கை காலை நீட்டி விடுவது என் வேலை, சாயங்காலம் வீராயி வேலை. இறுக்கிப் பிடித்து நீட்டினால் பிள்ளை இன்னும் விறைக்கும். மெதுவாகப் பாட்டுப் பாடிக்கொண்டு ஆட்டி ஆட்டி நீட்டினால் இளகும். என் பாட்டுக்கு இளகிய ஒரே ஆள் அவள்தான். ஓட்டை விழுந்த கொழுந்துக் கூடை ஒன்றைப் பாதியாக அறுத்து, சாக்கு அடைத்து, அதில் அவளைச் சாய்த்து உட்கார வைத்தேன். உட்கார்ந்து குடித்தபோது கஞ்சி மூக்குக்குப் போவது குறைந்தது. உட்கார்ந்தவுடன் அவள் செய்த முதல் வேலை என்னைக் கண்ணாலேயே துரத்தினதுதான். நான் எங்கே போனாலும் அந்தக் கண் பின்னால் வரும். இந்தப் பிள்ளைக்குள்ளே ஆள் இருக்கிறாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

முடி இழுத்த கொழுக்கட்டை

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை குப்புற விழுந்தால் தாய் கொழுக்கட்டை செய்து லயம் முழுக்கக் கொடுப்பாள். வாசற்படி தாண்டினாலும் அப்படித்தான். மடுவத்துக்கும் ஒரு பங்கு வரும். வீராயிக்கும் கொடுப்பார்கள். அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வாள், என் கண் முன்னால் ஒரு நாளும் தின்றதில்லை.

ஒரு நாள் குனிந்து பேச்சியின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் முடியை யாரோ சுண்டி இழுத்தார்கள். உயிர் போகிற வலி. பார்த்தால் பேச்சியின் இடது கை. மூடியே கிடந்த கை திறந்து, என் முடியைப் பிடித்து, திரும்ப மூடிக்கொண்டது. விடவும் அவளுக்குத் தெரியவில்லை. மத்தியானம் தாய்மார் வந்து பிரித்து விடுகிற வரைக்கும் நான் குனிந்தபடியே இருந்தேன்.

"வீராயி, நாளைக்குக் கொழுக்கட்டை செய்யி" என்றேன்.

"எதுக்குக்கா? என் பிள்ளை குப்புற விழலையே."

"என் முடியை இழுத்துச்சே. அதுக்கு."

"ஊரு சிரிக்கும்க்கா."

"சிரிச்சா பல்லு தெரியட்டும். நீ செய்யி."

செய்தாள். கித்துள் மரத்துக் கருப்பட்டியும் தேங்காயும் வைத்த கொழுக்கட்டை. பக்கத்து லயத்துக் கிழவர் வாங்கிக்கொண்டு, "யாரு பிள்ளை குப்புற விழுந்துச்சு?" என்று கேட்டார். "விழலைங்க, முடி இழுத்துச்சு" என்று வீராயி சொல்லியிருக்கிறாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். அன்று அவளும் ஒரு கொழுக்கட்டை தின்றாள். நான் பார்த்தேன்.

பிறகு விடுவோமா? விக்காமல் ஒரு கிண்ணம் குடித்ததற்குக் 'கஞ்சி கொழுக்கட்டை'. கழுத்து ஆடாமல் நின்றதற்குத் 'தலை நின்ற கொழுக்கட்டை'. "ம்மா" என்று வீராயியை முதன்முதலில் கூப்பிட்டதற்கு அந்த வருஷத்திலேயே பெரிய கொழுக்கட்டை. லயத்துப் பெண்கள் மலையில் ஆளுக்கொரு நிரை பிடித்து வரிசையாகக் கொழுந்து எடுக்கும்போதே, "வீராயி, அடுத்து என்ன கொழுக்கட்டை?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கேலியாகத் தொடங்கினது. பிறகு உண்மையாகவே கேட்டார்கள்.

புதுக் கணக்கப்பிள்ளை

பேச்சி பால் பற்கள் விழும் வயதுக்கு வந்தபோது ஒரு புதுக் கணக்கப்பிள்ளை வந்தார். கையில் எப்போதும் குடை. வந்த வேகத்தில் மடுவத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது என்ன, மடுவமா சத்திரமா? இம்புட்டுப் பெரிய பிள்ளைக்கு இங்க என்ன வேலை?"

"அது நடக்காதுங்க ஐயா."

"அதுக்கு? வீட்ல போட்டுட்டு வரச் சொல்லு."

வீட்டில் போட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் வீராயிக்கும் தெரியும். ஒரு முறை மழையில் கூரை பிய்ந்து மடுவம் மூடிக் கிடந்தது, என்னையும் வேறு வேலைக்குப் போட்டிருந்தார்கள். வீராயியும் புருஷனும் வேலைக்குப் போகாவிட்டால் அரிசி இல்லை. பிள்ளையை லயத்து அறையில் பூட்டிவிட்டுப் போனார்கள். சாயங்காலம் வந்து பார்த்தபோது பேச்சி சாக்கில் முகம் புதைந்து, அழுது அழுது குரல் போய்க் கிடந்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் மூச்சு நின்றிருக்கும். 

அதனால் நான் கணக்கப்பிள்ளையிடம் சட்டம் பேசினேன். "துரை வயசு சொல்லலைங்க ஐயா. பலகை தாண்டின பிள்ளைதான் இல்லைன்னார். இது தாண்டலை."

அவர் பலகையைப் பார்த்தார், பேச்சியைப் பார்த்தார். "சரி. தாண்டின அன்னைக்கே வெளியே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதில் வேடிக்கையைப் பாருங்கள். பிள்ளை என்றைக்குத் தாண்டும் என்று ஏங்கிக் கிடந்த நாங்கள், தாண்டிவிடக் கூடாதே என்று பயப்பட வேண்டியதாயிற்று.

பேச்சிக்கு அது தெரியுமா? அவள் பாட்டுக்கு இடது முழங்கையால் இழுத்து இழுத்து நகரப் பழகினாள். நான் தொட்டில் கயிறு ஒன்றை அவள் இடது மணிக்கட்டில் கட்டிவிட்டேன். கையை இழுத்தால் தொட்டில் ஆடும், உள்ளே அழுகிற பிள்ளை அடங்கும். அதில் அவளுக்குப் பெருமை பிடிபடாது. எந்தத் தொட்டில் அழுதாலும் அங்கே நகர்ந்து போய், "க...யிறு" என்று என்னைக் கேட்பாள். அவள் ஒரு சொல் சொல்லி முடிக்க நேரமாகும். காத்திருந்தால் முழுச் சொல்லும் வரும்.

தாண்டிய நாள்

ஒரு நாள் நான் கஞ்சி கிண்டிவிட்டுத் திரும்பினேன். பேச்சி பலகைக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் கத்தப் போனேன். அடுத்த நிமிஷம் கணக்கப்பிள்ளை சொன்னது நினைவுக்கு வந்தது. யாரும் பார்க்கவில்லை. அள்ளி உள்ளே போட்டேன்.

வீராயி வந்ததும் காதோடு சொன்னேன். "வெளிய சொல்ல வேணாம்டி. மேல இன்னொரு பலகை செருகிடலாம்."

அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். பிறகு, "முடி இழுத்ததுக்கு ஊரைக் கூட்டிக் கொடுத்தோம். தாண்டினதை ஒளிச்சு வைக்கவாக்கா இத்தனை வருஷம் எண்ணெய் தேச்சோம்?" என்றாள்.

"அந்தப் பூட்டு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. இருந்தாலும் என் பிள்ளை தாண்டினதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

மறுநாள் விடிவதற்குள் லயம் முழுக்கக் கொழுக்கட்டை போய்விட்டது. கணக்கப்பிள்ளை வீட்டுக்கும் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவ்வளவு பேசாத பெண்ணுக்கு அவ்வளவு நெஞ்சழுத்தம்.

மத்தியானம் தாய்மார் பால் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அவர் வந்தார். ஒரு கையில் குடை, ஒரு கையில் பாதி தின்ற கொழுக்கட்டை.

"இது என்ன கொழுக்கட்டை ராக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் வீராயி எழுந்து நின்றாள். "பலகை தாண்டின கொழுக்கட்டைங்க ஐயா. என் மக தாண்டினா."

"தாண்டட்டும், பார்ப்போம்."

பேச்சி பலகையை இடது கையால் பற்றினாள். நெஞ்சை அதன்மேல் போட்டாள். கால்கள் வழக்கம்போலப் பின்னிக்கொண்டன. ஒருத்தியும் உதவிக்குப் போகவில்லை. வீராயி முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கால் பிரிந்து பலகைக்கு மேலே வந்தது. பிறகு ஆள் முழுக்க அந்தப் பக்கம் விழுந்தாள். விழுந்து, தலையைத் தூக்கிச் சிரித்தாள்.

"தாண்டிருச்சு. அப்ப இது மடுவத்துப் பிள்ளை இல்ல" என்றார் கணக்கப்பிள்ளை.

"ஆமாங்க" என்றாள் வீராயி.

அப்போது உள்ளே ஒரு தொட்டில் அழுதது. பேச்சி திரும்பிப் பார்த்தாள். யாரும் சொல்லவில்லை, கேட்கவில்லை. வெளியில் இருந்தபடியே பலகையில் கையை வைத்தாள். உள்ளே வருவது இன்னும் கஷ்டம், வெளித் தரை பள்ளம். இரண்டு முறை சறுக்கினாள். கொழுந்து நிறுக்கும் நேரம் ஆகிவிட்டது, தாய்மார் கிளம்ப வேண்டும். கணக்கப்பிள்ளை அவர்களை விரட்டவும் இல்லை, தானும் நகரவில்லை. மூன்றாம் முறை தாண்டினாள். முழங்கையால் இழுத்துக்கொண்டு தொட்டிலுக்கு அடியில் போய், என் பக்கம் திரும்பி, "க...யிறு" என்றாள்.

கட்டிவிட்டேன். இழுத்தாள். பிள்ளை அடங்கியது.

கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டார். "ராக்கு, துரை சொன்ன சட்டம் வெளிய தாண்டிப் போற பிள்ளைக்குத்தானே?"

"ஆமாங்க."

"உள்ள தாண்டி வர்றதைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?"

"இல்லைங்க."

"அப்ப இது பிள்ளை இல்ல. தொட்டில் ஆட்டுற ஆளு. உனக்கும் தோள் சரியில்ல. துரைகிட்ட நான் பேசிக்கிறேன்." குடையை விரித்துக்கொண்டு இரண்டடி போனவர் திரும்பி, "இன்னொரு கொழுக்கட்டை இருக்குமா?" என்று கேட்டார்.

வீராயி அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன், சொல்வதற்கு வெட்கம் இல்லை.

மடுவத்துக்கு வருகிறவர்களுக்கு

இப்போது பேச்சி வளர்ந்த பெண், நான் வேலையிலிருந்து நின்றுவிட்ட கிழவி. இன்றும் அவள் நடப்பதில்லை, நகர்ந்துதான் போகிறாள். மடுவத்துத் தொட்டில்கள் அவள் கையில் இருக்கின்றன. நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே படியில் நிறுத்திப் பார்க்காதீர்கள். குப்புற விழவில்லையே, நடக்கவில்லையே என்று காத்திருந்தால் கை திறந்த நாள் கண்ணில் படாமல் போய்விடும். அந்தப் பிள்ளை இன்றைக்குப் புதிதாக என்ன செய்தது என்று பாருங்கள், அதற்கு ஒரு பேர் வையுங்கள், அரிசியை ஊறப் போடுங்கள்.

போன வாரம் மடுவத்தைப் பார்க்கப் போனேன். எனக்கு முழங்கால் போய்விட்டது. வாசலில் பலகை முன்னால் நின்று, "பேச்சி, இதைக் கொஞ்சம் உருவி விடு" என்றேன். அவள் உள்ளே இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு உடம்பு முழுக்கச் சிரிக்கும்.

"தா...ண்டு" என்றாள்.

திட்டிக்கொண்டேதான் தாண்டினேன். நிலையைப் பிடித்து, ஒரு காலை வைத்து, மூச்சு வாங்கி, மற்றக் காலைத் தூக்கி வைப்பதற்குள் வேர்த்துவிட்டது. அவள் அவசரப்படுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் வீராயி வாழையிலைப் பொட்டலத்தோடு என் வாசலில் நின்றாள்.

"என்னடி இது?"

"பேச்சி செய்யச் சொன்னாக்கா. லயம் முழுக்கக் கொடுத்தாச்சு. ராக்கம்மா பலகை தாண்டுச்சாம்."