கந்தப்பன் வலையில் விழுந்த நீர்க்காகம்

நோர்ட்டன் அணையில் தண்ணீர் நிறைந்ததும் மேல்மலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து முதன்முதலாக வலை போட்டவன் கந்தப்பன்தான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். நீச்சல் சுத்தமாகத் தெரியாது. இடுப்பளவுக்கு மேல் தண்ணீர் ஏறினால் முருகா முருகா என்பான். ஆனாலும் ஹட்டன் மீன்கடை முதலாளி செல்லசாமி வலையைக் கொடுத்து, கிடைக்கிற மீனையெல்லாம் நானே வாங்கிக்கொள்கிறேன் என்றதும் தலையாட்டிவிட்டான். ஆசை யாரை விட்டது?

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போகிற வழியில் வலையைக் கட்டுவான். வேலை முடிந்து பிற்பகலில் வந்து இழுப்பான். கெண்டை கிடைக்கும். கூடவே, மீனைத் துரத்தி முங்கிய நீர்க்காகம் ஒன்றிரண்டு கால் சிக்கி, மூச்சு முட்டிச் செத்துக் கிடக்கும். அதை உதறிக் கரையில் எறிந்துவிட்டு மீனைக் கூடையில் போடுவான். கல்நெஞ்சக்காரன் இல்லை. அது அவன் கண்ணில் படவே இல்லை, அவ்வளவுதான்.

பட்டது அவன் மனைவி அம்மாக்கண்ணுவுக்கு. இரண்டு பிள்ளைகளைப் பிறந்த அன்றே பறிகொடுத்தவள், மறுபடி மாசமாக இருந்தாள். புருஷனுக்குச் சோறு கொண்டுவந்தவள் கரையில் கிடந்த பறவையைப் பார்த்துவிட்டாள். வயிற்றில் பிள்ளை இருக்கையில் புருஷன் உயிரை வதைக்கக் கூடாது என்று லயத்து வீடுகளில் எல்லோரும் சொல்வதை அவனிடம் எடுத்துச் சொன்னாள். அப்படியானால் மீனும் உயிர்தானே என்று கந்தப்பன் வக்கீல் மாதிரி மடக்கினான்.

"மீனு நாம திங்கிறதுக்குங்க. இது யாருக்காகச் செத்துச்சு?"

அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. போன இரண்டு பிள்ளைகளும் இதனால்தானோ என்று பயம் பிடித்துக்கொண்டது. வலை வந்ததே அதற்கப்புறம்தான் என்பதைப் பயம் யோசிக்குமா?

மறுநாளே முறையை மாற்றினான். நீர்க்காகம் இருட்டில் மீன் பிடிக்காது. அதனால் பொழுது சாய்ந்த பிறகு வலையைக் கட்டி, விடியுமுன் பெரட்டுக்கு அழைக்கிற தப்புப் பறை அடிப்பதற்குள் இழுத்துவிடுவான். மார்கழிக் குளிரில் அந்தத் தண்ணீரில் இறங்குவது சும்மாவா? பல்லெல்லாம் கிட்டிக்கும். பகலெல்லாம் வலை சும்மா கிடக்கிறதே என்று செல்லசாமி குதித்தார். வேண்டுமானால் வலையை எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டான் கந்தப்பன். தனக்கு அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. அந்தத் தண்ணீரில் இறங்க வேறு ஆள் கிடைக்காததால் முதலாளியும் அடங்கிப்போனார்.

தை மாதத்தில் ஒருநாள், விடியுமுன் அம்மாக்கண்ணுவுக்கு வலி கண்டது. கந்தப்பன் அவள் பக்கத்தை விட்டு நகரவில்லை. நன்றாக வெயில் ஏறிய பிறகு, பிரசவம் பார்க்க வந்த பேச்சியம்மாதான் ஆம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று விரட்டினாள். வெளியே வந்ததும்தான் தண்ணீரில் கிடக்கும் வலை ஞாபகம் வந்தது. வாசலில் கிடந்த கவ்வாத்துக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு அணைப் பக்கம் விரைந்தான்.

மேட்டிலிருந்து பார்க்கும்போதே வலை துள்ளுவது தெரிந்தது. விழுந்தடித்து ஓடி இறங்கினான். தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியது. முருகனைக் கூப்பிடவும் மறந்துபோனான். நீர்க்காகம் அலகை மட்டும் வெளியே நீட்டித் தத்தளித்தது. சிக்கல் எடுக்க நேரமில்லை. இடுப்பிலிருந்த கத்தியால் முதலாளியின் வலையைக் கிழித்தான். நன்றிகெட்ட பறவை, அவன் புறங்கையைப் பிய்த்துவிட்டுத்தான் போனது.

லயத்துக்குத் திரும்பியபோது வாசலிலேயே பிள்ளையின் அழுகை கேட்டது. நல்ல கோபக்கார அழுகை. கந்தப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்து தானும் அழுதான். அப்பாடா என்று இருந்தது.

உள்ளே அம்மாக்கண்ணு பிள்ளையை யாரிடமும் கொடுக்காமல் இறுக்கிப் பிடித்திருந்தாள். சொட்டச் சொட்ட நனைந்து நின்றவனைப் பார்த்தாள்.

"வலையில ஏதும் விழுந்துச்சாங்க?"

அவன் ரத்தம் வடிகிற கையை நீட்டினான்.

"விழுந்துச்சு. என்னையக் கொத்திட்டுப் பறந்துருச்சு."

அம்மாக்கண்ணு அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பிள்ளையை அவனிடம் கொடுத்தாள்.