சிங்கப்பூரில் இருந்த முகுந்தன்

கிள்ளானில் மேரு சாலைப் பக்கம் இருக்கும் அந்தத் தாமான் குடியிருப்பில் சீதாலெட்சுமியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வேன் ஆன்டி என்றால்தான் தெரியும். இனிப்பு நீர் முற்றிச் சிறுநீரகம் கெட்டுக் கணவர் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் ஓட்டிய பள்ளி வேனை அவளே ஓட்ட ஆரம்பித்தாள். பொம்பளை வேன் ஓட்டினால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்ச் சேருமா என்று கேட்டவர்களே, கொஞ்ச நாளில் தங்கள் பிள்ளைக்கு இடம் இருக்கிறதா என்று வாசலில் வந்து நின்றார்கள். லோரிக்காரன் எவனாவது குறுக்கே வந்தால் கண்ணாடியை இறக்கி அவன் பரம்பரையையே விசாரித்துவிட்டுத்தான் நகர்வாள். அவள் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். அது நாலு பேர் வாய்.

மூத்தவன் முகுந்தனுக்கு முப்பது வயது. துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றும் லோரியில் டிரைவருக்கு உதவியாளாகப் போய்க்கொண்டிருந்தான். ஒரு நாள் சாலையில் லோரியை மறித்துச் சோதித்ததில் பெட்டிகளுக்குள் வரி கட்டாத சிகரெட் இருந்தது. டிரைவர் குதித்து ஓடிவிட்டான். ஒன்றும் புரியாத முகுந்தன் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தான். ஓடியவன் தப்பித்தான், உட்கார்ந்தவன் மேல் வழக்கு விழுந்தது.

ஜாமீனுக்கு ஆள் நிற்க வேண்டும். ஆளைக் கேட்டால் விஷயம் வெளியே வரும். அந்த நேரம் பார்த்துத்தான் இளையவள் வாணிக்கு வரன் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை கிஷன், சீதாலெட்சுமியின் நாத்தனாருடைய கொழுந்தன் மகன். கௌரவமான குடும்பம், அதாவது மற்றவர்கள் வீட்டு விஷயத்தை நன்றாக விசாரிக்கிற குடும்பம். பெண்ணின் அண்ணன் கம்பி எண்ணுகிறான் என்று தெரிந்தால் அதோடு சரி.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். சீதாலெட்சுமி அவ்வளவு செலவழிக்கவில்லை, ஒரே ஒரு பொய்தான் சொன்னாள். முகுந்தனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. கிள்ளானில் இது சுலபமாகச் செல்லுபடியாகும் பொய். அந்த வரிசையில் பாதி வீட்டுப் பையன்கள் உண்மையாகவே அங்கேதான் இருக்கிறார்கள். போன் எடுக்காவிட்டால்கூட யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள்.

காலைப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, மதியப் பிள்ளைகளை ஏற்றுவதற்குள் அவள் அதே வேனில் சிங்கப்பூர் போய் வந்தாள். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம். உயர்ந்த சுவர், முள்கம்பி, வாசலில் ஒரு கவுண்டர்.

முதல் தடவை போனபோது மகனுடைய இன்சுலினையும் மாத்திரைகளையும் அரசாங்க கிளினிக் அட்டையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனாள். முகுந்தனுக்கும் இனிப்பு நீர் உண்டு. தகப்பன் விட்டுப்போன ஒரே சொத்து அது. கவுண்டரில் இருந்த அதிகாரி பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வெளி மருந்து உள்ளே போகாது, உள்ளேயே கிளினிக் இருக்கிறது, டாக்டர் பார்ப்பார் என்று மலாயில் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். அரசாங்க இடத்தில் அரசாங்க டாக்டர் இல்லாமலா இருப்பார் என்று அவளும் பையை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

கிளினிக் இருந்தது உண்மை. டாக்டர் எப்போதாவது வருவார் என்பதும் உண்மை. ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே. டாக்டரைப் பார்க்கவேண்டும் என்றால் முதலில் வார்டர் நம்ப வேண்டும், பிறகு மருத்துவ உதவியாளர் நம்ப வேண்டும். அங்கே உள்ளே வந்தவன் எவனும் நோயாளி இல்லை, நோயாளி மாதிரி நடிப்பவன். தலைவலி என்றாலும் பனடோல் மாத்திரை, வயிற்றுவலி என்றாலும் பனடோல். இனிப்பு நீருக்கு மாத்திரை சில நாள் வரும், பல நாள் வராது. இன்சுலின் என்ற பேச்சே இல்லை. சோறும் சீனி போட்ட தேநீரும் மட்டும் ஒரு வேளை தவறாமல் வந்தன.

சந்திப்பு என்பது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு போன், அந்தப் பக்கம் ஒரு போன். கண்ணாடிக்குக் கீழே சிமெண்ட் சுவர். மார்புக்கு மேல்தான் மகன் தெரிவான். அவன் இளைத்திருந்ததை அவள் பார்த்தாள். குளியலறைப் படியில் வழுக்கிக் கால் கிழிந்ததை அவனாகச் சொன்ன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

"சின்னப் புண்ணுதாம்மா. மஞ்சக் கலர் மருந்து தடவி விட்டாங்க."

"டாக்டரைப் பாக்கணும்னு சொன்னியா?"

"சொன்னேன். நந்தின்னாங்க."

நந்தி என்றால் மலாயில் பிறகு என்று அர்த்தம். அந்தச் சிறையில் அதிகம் புழங்கிய மருந்து அதுதான்.

"எதுத்துப் பேசிடாதப்பா. நல்ல பேர் எடுத்துட்டு வெளிய வா" என்றாள் சீதாலெட்சுமி. அவன் தலையாட்டினான். அம்மா சொன்னபடி நல்ல பேர் எடுத்தான். கூச்சல் போட்டவன், கம்பியைத் தட்டியவன் எல்லாம் டாக்டர் முன்னால் போய் நின்றுவிட்டார்கள். இவன் வாயை மூடிக்கொண்டு முறை வரும் என்று உட்கார்ந்திருந்தான், லோரியில் உட்கார்ந்திருந்த மாதிரியே.

அடுத்த தடவை போனபோது கண்ணாடிக்குப் பின்னால் அவனை இன்னொருவன் தோள் கொடுத்து அழைத்து வந்தான். முகம் வெளிறிக் கிடந்தது. "ஒண்ணுமில்லம்மா, காய்ச்சல்" என்றான்.

வெளியே வேனில் ஏறப்போனவளை ஒரு பெண் நிறுத்தினாள். மரியம் என்று பெயர், செராஸில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவள். அவள் கணவனும் உள்ளே, அதே அறையில்.

"அக்கா, சொன்னா மனசு கஷ்டப்படாதீங்க. உங்க மவன் காலு ரொம்ப மோசமா இருக்காம். நாத்தத்துல ராத்திரி யாருக்கும் தூக்கம் இல்லையாம்."

கண்ணாடியைத் தாண்டி முகம் வரும், குரல் வரும். நாற்றம் வராது.

"உள்ள கேட்டுப் பிரயோஜனம் இல்லக்கா. வெளி டாக்டர் ஒருத்தர்கிட்ட லெட்டர் வாங்குங்க. பழைய கிளினிக் அட்டையையும் சேத்து வக்கீல் கோர்ட்ல குடுத்தா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லி ஆர்டர் போடுவாங்க. எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலின்னப்ப அப்படித்தான் செஞ்சோம். உங்களுக்கு டாக்டர் யாராச்சும் தெரியுமா?"

தெரியும். நன்றாகவே தெரியும். நாத்தனார் மகள் மாதவி டாக்டர்தான். பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். சின்ன வயதில் இதே வேனில் பள்ளிக்கூடம் போனவள். ஒரு போன் போதும். ஆனால் மாதவிக்குத் தெரிந்தால் அவள் அம்மாவுக்குத் தெரியும், நாத்தனாருக்குத் தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியும். வாணிக்குப் பரிசம் போட நாள் குறித்தாகிவிட்டது, அடுத்த வாரம்.

வழியெல்லாம் யோசித்தாள். வேனை ஓரம் கட்டிப் போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள். மறுபடி சிறைக்குப் போய் மகனிடமே கேட்டாள். கேட்டிருக்கவே கூடாத கேள்வி அது.

"பரிசம் முடிஞ்சதும் மாதவிகிட்ட சொல்லிடறேம்பா. அது வரைக்கும் தாங்குவியா?"

"தாங்குவேம்மா. வாணி காரியம் கெட வேணாம்" என்றான் முகுந்தன். வேறு என்ன சொல்லுவான்.

பரிசம் சிறப்பாக நடந்தது. தட்டுத் தட்டாகப் பழமும் பலகாரமும் வந்து இறங்கின. அண்ணன்காரனுக்கு லீவு கிடைக்கவில்லையா என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். ஷிப்ட் வேலை, புதுக் கம்பெனி, லீவு தரமாட்டேன் என்கிறான் என்று சீதாலெட்சுமி சிரித்த முகமாகச் சொன்னாள். சிரிப்பதற்குள் உயிர் போய்ப் போய் வந்தது.

மறுநாள் பிரிக்பீல்ட்ஸுக்கு ஓடினாள். மாதவி எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் கடிதத்தை எழுதி வைத்துவிட்டு, தெரிந்த இடங்களுக்கெல்லாம் போன் போட்டாள். நாலைந்து போனுக்குப் பிறகு முகம் மாறியது.

"அத்தை, அவன் இப்ப ஆஸ்பத்திரியிலதான் இருக்கான். பரிசத்துக்கு முந்தின நாளே சுயநினைவு இல்லாம கொண்டு வந்திருக்காங்க. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. பெற்றவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அந்தப் பெரிய கட்டடத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரி வார்டில் இரண்டு சிறை வார்டர்கள் கைப்பேசி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முகுந்தனுக்கு முழங்காலுக்குக் கீழே வலது கால் இல்லை. மிச்சமிருந்த இடது காலைக் கட்டிலோடு சேர்த்துச் சங்கிலி போட்டிருந்தார்கள். எங்கே ஓடிவிடுவான் என்று பயந்தார்களோ தெரியாது. லோரியிலிருந்தே ஓடாதவன்.

கண் விழித்ததும் அவன் கேட்டது, "பரிசம் நல்லபடியா நடந்துச்சாம்மா?"

மாதவி அவளை வராந்தாவுக்கு அழைத்து வந்தாள். "புண்ணு வந்த புதுசுல ஒழுங்கா மருந்து போட்டு இனிப்ப கட்டுப்படுத்தியிருந்தா ஆறியிருக்கும் அத்தை. என்கிட்ட ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"உங்கம்மாவுக்குத் தெரிஞ்சிடுமேன்னு…"

"நான் எப்படிச் சொல்லுவேன்? நோயாளிங்க விஷயத்த வெளிய பேசறது எங்க தொழில்லயே கிடையாது."

சீதாலெட்சுமி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கதை சொல்லுகிற எனக்கு அவளை ஏச வாய் வரவில்லை. மகனைப் பூட்டி வைத்தது அவள் இல்லை. பூட்டும் சாவியும் யார் கையில் இருந்ததோ, மருந்தும் அவர்கள் கையில்தான் இருந்தது. கட்டிப்போட்ட மாட்டுக்குத் தண்ணீர் காட்டாதவனை ஊர் சும்மா விடுமா? மனிதனைக் கட்டிப்போட்டால் மட்டும் கேள்வி கிடையாது. ஆனால் இந்த நியாயமெல்லாம் அவளிடம் எடுபடாது. அவள் தன்னைத்தான் அறைந்துகொண்டாள்.

கொஞ்ச நாளில் ஓடிப்போன டிரைவர் பிடிபட்டான். முகுந்தனுக்கு ஒன்றும் தெரியாது என்று அவனே சொல்ல, வழக்கைக் கைவிட்டார்கள். ஒரு வார்டர் வந்து சங்கிலியைக் கழற்றிக்கொண்டு போனார். அதோடு கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டார்கள் போல.

"போலீஸ்ல புகார் குடுங்க அத்தை. நான் வந்து சாட்சி சொல்றேன். உள்ள இன்னும் எத்தனை பேர் காலு அழுகிட்டு இருக்கோ" என்றாள் மாதவி.

சீதாலெட்சுமி மகனைப் பார்த்தாள். மகன் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சிங்கப்பூர்ல மெஷின்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடும்மா. கல்யாணம் முடியட்டும்."

கல்யாணம் கிள்ளானில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நாதஸ்வரம், மூன்று பந்திச் சாப்பாடு, எதிலும் குறை வைக்கவில்லை. முகுந்தனைச் சக்கர நாற்காலியில் முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். மாதவி பக்கத்திலேயே இருந்தாள். வந்தவர்கள் எல்லாம் அவனிடம் துக்கம் விசாரித்துவிட்டுத்தான் மேடைக்குப் போனார்கள். பந்தியில் மாப்பிள்ளையின் தாயார் சீதாலெட்சுமிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷி. உண்மையாகவே மனம் இளகித்தான் பேசினார்.

"காலோட போச்சேன்னு மனச தேத்திக்குங்க சம்பந்தி. சிங்கப்பூரா இருக்கக் கண்டு உசுர காப்பாத்திட்டான். வைத்தியம்னா அங்கதான். இங்கன்னா சும்மா பனடோல குடுத்து அனுப்பியிருப்பான் லா. பிள்ளைய நல்லா பாத்துக்கிட்டாங்களா?"

மாதவி இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். முகுந்தன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான், நிமிரவில்லை.

"நல்லா பாத்துக்கிட்டாங்க" என்றாள் சீதாலெட்சுமி.