உச்சிவெயிலில் நோன்பு திறப்பு

பெருநாள் முடிந்து, வந்த விருந்தாளிகளும் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் என் வீட்டுக்காரர் நோன்பை விடவில்லை. விடியுமுன் எழுந்து, சஹர் என்று நாலு வாய் சாப்பிட்டு, சுகர் மாத்திரையை விழுங்குவார். அதோடு சரி. பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. அவருக்கு மறதி நோய். ரமலான் முடிந்தது மண்டையில் ஏறவே இல்லை.

திண்டுக்கல்லில் தோல் மண்டி நடத்தி, வந்த வியாபாரியையெல்லாம் வாயாலேயே மடக்கிய மனுஷன். அவரிடம் போய் நான் வாதாடினேன் பாருங்கள், என் புத்தியை என்ன சொல்ல!

"பெருநாள் போயிருச்சுங்க. சாப்பிடுங்க."

"பகல்ல சோத்த நீட்டுறியே, அல்லாவுக்குப் பயந்துக்க புள்ள."

"ஒடம்பு முடியாதவங்களுக்கு நோம்பு கடமையில்லைங்க."

"எனக்கென்ன ஒடம்புக்கு? நல்லாத்தான இருக்கேன்?"

தட்டை ணங்கென்று வைத்துவிட்டு அடுப்படியில் போய் அழுதேன். இப்படி மல்லுக்கட்டிக்கொண்டே இருந்தபோது ஒருநாள் சட்டையெல்லாம் வியர்த்து, கை வெடவெடவென்று ஆடி, நாற்காலியிலேயே சரிந்துவிட்டார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சுகர் இறங்கிவிட்டதாம். மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர்.

"அவர எதிர்த்துப் பேசாதீங்கம்மா. அவரு நோன்புன்னா நோன்புதான். திறக்க வைக்க ஏதாச்சும் வழி பாருங்க."

வழியை வத்தலக்குண்டிலிருந்து வந்த மகள்தான் சொன்னாள். மதியப் பாங்குக்கும், நோன்பு திறக்கிற அந்தி மக்ரிப் பாங்குக்கும் வார்த்தை ஒன்றுதானே? மறுநாள் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, கஞ்சி காய்ச்சி, பேரீச்சம்பழத்தோடு உட்கார்ந்தோம். பள்ளிவாசலில் மதியப் பாங்கு கேட்டதும், "மக்ரிப் ஆயிருச்சுங்க, தொறங்க" என்றேன். அவர் வழக்கம்போல முதல் பழத்தை என் கையில் கொடுத்தார். கல்யாணமான வருஷத்து நோன்பிலிருந்தே அப்படித்தான். நான் வாயில் போட்ட பிறகுதான் அவர் தொடுவார். நான் தின்றேன். அவரும் தின்றார். போன உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது எனக்கு.

அன்றிலிருந்து தினமும் இதே கூத்துதான். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "என்னக்கா, நோம்பு போயி அம்புட்டு நாளாச்சு, இன்னும் கஞ்சி மணக்குது?" என்றாள்.

"மணந்தா மூக்கப் பொத்திக்க" என்றேன். சிடுசிடுப்பு இல்லாமல் பேசவே அப்போது எனக்கு வரவில்லை. பாங்கு மெய், அதை வைத்து நான் சொன்னதுதான் பொய். தொழுகையில் உட்கார்ந்தால் அதுதான் நெஞ்சை அறுக்கும். யாரிடம் சொல்லி அழ?

மாதங்கள் ஓடி, உண்மையான ரமலானே வந்துவிட்டது. எனக்கு நினைவு தெரிந்து காரணமில்லாமல் ஒரு நோன்பும் நான் விட்டதில்லை. அந்த வருஷமும் வைத்தேன். முதல் நாள் மதியம் எப்போதும்போலத் திரையை இழுத்துவிட்டு, பாங்கு கேட்டதும் கஞ்சியை முன்னால் வைத்தேன். அவர் பழத்தை என்னிடம் நீட்டினார். அப்போதுதான் எனக்குத் திக்கென்றது.

"நீங்க தொறங்க. நான் செத்த நேரம் கழிச்சுத் திங்கிறேன்."

"நீ தொறக்காம நான் எப்படித் தொறக்க?"

வாங்கி, வாயில் போடுவதுபோலப் பாவனை செய்து, முந்தானைக்குள் ஒளித்தேன். மகன் பேர் மறந்துபோச்சு, வீட்டு வாசல் மறந்துபோச்சு, இதைமட்டும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க, மெல்லு பாப்போம்."

அவர் நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. கஞ்சிக் கிண்ணத்தின் மேல் வைத்திருந்த கை ஆட ஆரம்பித்தது. யா அல்லாஹ், இப்போது விடுகிற நோன்பைப் பெருநாளுக்குப் பிறகு வைத்துவிடுவேன். இந்த மனுஷனை விட்டுவிட்டால் எங்கே போய்த் தேடுவேன்?

பழத்தை எடுத்து வாயில் போட்டேன். நான் மென்று விழுங்கும்வரை பார்த்திருந்துவிட்டு, பிஸ்மி சொல்லி அவர் தின்றார். கஞ்சி பாதி குடித்ததும், மீதிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"நாள் பூரா பட்டினி கெடந்திருப்ப. குடி புள்ள."

குடித்தேன்.